அங்கிகளை வெளுத்தவள்

அவள் வெளுத்த துணியைக் கொடியில் விரித்தால் மேலே பறக்கிற காகம் கண்கூசித் தடுமாறும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஒரு காகம் அவள் வீட்டுக் கொல்லைச் சுவரில் முட்டிக்கொண்டது என்னவோ மெய். அதற்கு வெளுப்புக் காரணமா, காகத்துக்கு வயதாகிவிட்டதா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. சொட்டு நீலத்தில் ஊறி ஊறி அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வானத்தின் நிறமாகிவிட்டிருந்தன. எந்தச் சோப்புக்கும் அசையாத நிறம். அதனால் ஊர் அவளை நீலக்கை என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் உபயோகமில்லாமல் புத்தம் புதிதாகவே இருந்தது.

முன்னறைதான் கடை. நீள மேஜை, கனத்த இஸ்திரிப் பெட்டி, அடையாளத் துண்டு குத்திய மூட்டைகள். பின்கட்டில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் ஒரு சலவை இயந்திரமும். அந்த இயந்திரம் ஓடத் தொடங்கினால் பேய் பிடித்ததுபோல ஆடி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தே போய்விடும். விடுதிப் போர்வைகளை மட்டும் அதனிடம் நம்பிக் கொடுப்பாள். சபையின் அங்கிகளுக்குக் கைதான்.

அவளுடைய சபையில் குழந்தைகளின் தலையில் தண்ணீர் தெளிப்பதில்லை. வயது வந்து, மனம் அறிந்து, தானாகக் கேட்பவர்களுக்குத்தான் ஞானஸ்நானம். ஆற்றின் வளைவில் மணல் திட்டு ஒன்று இருந்தது. அங்கே தோள் முதல் கணுக்கால்வரை வெள்ளை அங்கி உடுத்தி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். போதகர் ஒரே முக்காக முக்கி எடுப்பார். கரையில் துணித் தடுப்புக்குப் பின்னால் நீலக்கை கூடையோடு நிற்பாள். நடுங்கிக்கொண்டு ஏறி வருபவர்களைத் துவாலையால் சுற்றி, ஈர அங்கியை உருவிக் கூடைக்குள் போடுவாள். பாட்டும் ஆனந்தக் கண்ணீரும் தடுப்புக்கு அந்தப் பக்கம். சொட்டுகிற துணி இந்தப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் அவளுடைய ஊழியம். அந்த ஊழியத்தின் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கர்வப்படக் கூடாது என்று அதற்காகவும் தனியாக ஜெபித்துக்கொள்வாள்.

கணவர் வலைக்காரர். அந்த ஆற்றில்தான் அவருக்குப் பிழைப்பு. அவர் பிடித்த மீன்களைவிடப் பிடிக்காமல் விட்ட மீன்களே ஊரில் பிரபலம். அவர் படகில் தூங்கிப்போனபோது ஒரு மீன் கயிற்றைக் கவ்வி அடுத்த ஊர்வரை இழுத்துப் போயிற்றாம். பிறகு மனம் இரங்கி, சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுத் துறையில் கொண்டுவந்து விட்டதாம். கோயில் மணியின் நாக்கை விழுங்கிய மீன் ஒன்றும் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டிருக்குமாம்.

இஸ்திரி போட வரும் நாத்தனார் இந்தக் கதையை விடவே மாட்டாள்.

“ஏண்ணே, அந்த மீனு ஆராதனை முடியறவரைக்கும் இருக்குமா?”

“இருக்கும். காணிக்கைப் பை வர்ற நேரத்துல மட்டும் ஆழத்துக்குப் போயிடும்.”

“அப்ப அது நம்ம சபை மெம்பர்தான்.”

நீலக்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கர்த்தர் கேட்டுட்டிருக்காரு, ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்பாள். அடக்கிய சிரிப்பில் அவளுடைய நீலம் கலக்கிய வாளி தளும்பும்.

ஆற்றின் மேல்பக்கம் காகித ஆலை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் தண்ணீர் வெளிர் தேநீர்போல இருந்தது. பிறகு ஏறி ஏறிக் கொதித்த காபியாயிற்று. நுரை மிதந்து வந்தது. வலை மேலே வந்தால் கண்ணியெல்லாம் கொழகொழவென்று எதுவோ ஒட்டியிருந்தது. ஆனால் சபையில் பாதிப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். சபைச் செயலரே அங்கே மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் அல்ல. ஒரு மழையில் நீலக்கையின் கடைக் கூரை பிய்த்துக்கொண்டபோது தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறியவர் அவர்தான்.

ஆற்றின் நிறம் அங்கிகளில் ஏறத் தொடங்கியது நீலக்கைக்குத்தான் முதலில் தெரியும். ஈரத்தில் அது தெரியாது. காயக் காயத்தான் விளிம்பிலிருந்து பழுப்பு மேலேறி வரும். ஒருமுறை, ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் மறுநாள் காலை ஒற்றைக் காதணியைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தாள். கூடையில் துவைக்காமல் காய்ந்து கிடந்த தன் அங்கியைப் பார்த்துவிட்டாள். அதைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவினாள்.

“அக்கா... என் பாவம் போகலையா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“போயிடுச்சும்மா. இது வெறும் சேறு. குடு, குடு” என்று நீலக்கை அதைப் பிடுங்கிக் கூடைக்கு அடியில் திணித்தாள். அந்தப் பெண் போன பிறகு, இனி ஒருவர் கண்ணிலும் இந்தக் கறை படக் கூடாது என்று முடிவு செய்தாள். சாதாரணச் சோப்புக்கு அது போகவில்லை. வெளுப்புத்தூள் வந்தது. ஒரு பிடி போதாமல் இரண்டு பிடி, பிறகு அகப்பைக் கணக்கு. கைத்தோல் உரிந்தது. அடுத்த ஞானஸ்நானத்துக்கு அங்கிகள் மணப்பெண்போல மடிப்புக் குலையாமல் போய் நின்றன. எல்லாரும், “என்ன வெள்ளை, என்ன வெள்ளை!” என்றார்கள். அவளுக்கு நிம்மதி.

வலைக்காரருக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கச் சொன்னார்:

“நம்ம சபைல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரையும் அந்த ஆறுதான் முழுக்கி எடுத்துச்சு. உன்னை, என்னை, அந்தச் செயலரை. இப்ப அதுக்கு மூச்சு முட்டுது. நாம கரையில நின்னு பாட்டுப் பாடிட்டு வீட்டுக்கு வந்துடறோம். படைச்சவரு நம்ம கையில குடுத்த ஆறு. என்ன பண்ணி வெச்சிருக்கன்னு கேட்டா, பாட்டுப் பாடினோம்னா சொல்ல முடியும்?”

சபைக் கூட்டத்தில் எழுந்து அதையே சொன்னார். ஆறு சாகிறது, சபையாகச் சேர்ந்து போய் ஆலை வாசலில் நிற்க வேண்டும் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “படகை இழுத்துட்டுப் போன மீனு சொல்லுச்சா?” என்றார். சிரிப்பு வெடித்தது. ஊரைச் சிரிக்க வைத்தே பழக்கிவிட்டவர். அவர் அழுதாலும் ஊர் சிரிக்கத்தானே செய்யும்?

போதகர் கையை உயர்த்தி அமர்த்தினார். “தோட்டத்தைப் பார்த்துக்கச் சொல்லித்தான் கர்த்தர் மனுஷனை அதுல வெச்சாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பாதி வீட்டுல அடுப்பெரியறது அந்த ஆலைச் சம்பளத்துல. கதையை வெச்சு நான் யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது, வலைக்காரரே. கண்ணால பார்க்கற மாதிரி ஏதாவது கொண்டாந்து கமிட்டி முன்னால வைங்க. நானே முதல் ஆளா நடக்கறேன்.”

வலைக்காரர் வீட்டுக்கு நடந்தார். கடைக்குள் நுழைந்ததும் கொடியில் கிடந்த அங்கிகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நீ வெளுக்கறதுக்கு முன்னால அது எப்படி இருக்கும்?”

அவள் சொன்னாள். அவருக்கு முகம் மலர்ந்தது.

“ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போனா எங்கடா மொண்டேன்னு கேப்பாங்க. அங்கி அப்படி இல்ல. எல்லார் கண்ணு முன்னாலயும் வெள்ளையா இறங்குது, எல்லார் கண்ணு முன்னாலயும் ஏறுது. நான் வாயையே திறக்க வேண்டாம். இந்தத் தடவை நீ துவைக்காத. அப்படியே வெச்சிரு. கமிட்டி கூடற அன்னிக்கு நான் எடுத்துட்டுப் போறேன். சரியா?”

“சரிங்க.”

“உன் கை சும்மா இருக்காதே.”

“இருக்கும்ங்க. கட்டிப் போட்டாவது வெச்சுக்கறேன்.”

ஞானஸ்நானம் நடந்தது. அங்கிகள் துவைக்காமல் காயவிட்டு, கூடையில், மேலே ரெக்சின் துணியால் இறுக மூடி, பின்கட்டில் இருந்தன. கமிட்டி கூடும் நாள் காலையில் வலைக்காரர் ஆற்றுக்குப் போனார். நாத்தனார் அன்று வரவில்லை. வீட்டில் நீலக்கையும் கூடையும்தான்.

வாடை வந்துகொண்டேயிருந்தது. சும்மா பார்ப்போம் என்றுதான் திறந்தாள். மேலே கிடந்தது ஒரு இளம்பெண்ணின் அங்கி. போன மாதம் தாயை இழந்தவள், கண்ணை மூடிக்கொண்டு, அம்மா அம்மா என்று முணுமுணுத்தபடி தண்ணீருக்குள் போனவள். நெஞ்சுப் பக்கம் பெரிய பழுப்பு வட்டம். இதைக் கமிட்டி மேஜைமேல் விரிப்பார்கள். பெரிய மனிதர்கள் விரல் நுனியால் தூக்கிப் பிடிப்பார்கள். யாருடைய அங்கி இது என்று ஒருவராவது கேட்பார். கர்த்தருக்கு முன் அந்தப் பிள்ளை உடுத்தி நின்ற துணி. நீலக்கையால் தாங்க முடியவில்லை. இது ஒன்றை மட்டும் அலசி வைத்துவிடலாம், மற்றதெல்லாம் இருக்கிறதே என்று நினைத்தாள்.

ஒன்றை வெளுத்தாள். அடுத்தது ஒரு முதியவருடையது, நடக்க முடியாமல் நாற்காலியோடு தூக்கி இறக்கப்பட்டவர். அவரை மட்டும் விடலாமா? பிறகு கை அவளைக் கேட்கவில்லை. தேய்த்தாள், பிழிந்தாள், நீலம் போட்டாள், உதறினாள். வெயிலும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. கடைசி அங்கி கொடியில் ஏறிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, வேறென்ன செய்வதென்று தெரியாமல், இஸ்திரி போட்டாள். மடித்தாள். கூடையில் அடுக்கி மூடினாள்.

அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றாள். அவர் வியர்வையோடு ஓடி வந்தார். “நேரமாயிடுச்சு, எல்லாரும் வந்துட்டாங்களாம்.” கூடையைத் தூக்கினார்.

“என்னங்க...”

“வந்து பேசலாம்மா.”

“இல்லைங்க, அந்தத் துணி...”

அதற்குள் அவர் தெருமுனையில் இருந்தார். ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். அவள் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம்தான் நகரவில்லை.

அங்கே நடந்ததை, கமிட்டியில் இருந்த நாத்தனாரின் கணவன் பிறகு சொன்னான். வலைக்காரர் ஒன்றும் பேசாமல் கூடையை மேஜைமேல் வைத்து, ரெக்சினை ஒரே இழுப்பாக இழுத்தாராம். ஜன்னல் வெளிச்சம் அங்கிகளில் பட்டு அறையே பளிச்சென்று ஆயிற்றாம். அவர் மேலிருந்ததை எடுத்து உதறினார், அடுத்ததை உதறினார், அடிவரை போனார். முதலில் யாரும் சிரிக்கவில்லை. செயலர்தான், சங்கடத்தை மூடுவதற்காகவோ என்னவோ, “வலைக்காரரே, இந்த ஆத்துத் தண்ணியில எங்க வீட்டுக்கும் ரெண்டு குடம் அனுப்புங்க, சோப்புச் செலவு மிச்சம்” என்றாராம். அதன் பிறகு சிரிப்பு நிற்கவில்லை. வலைக்காரரும் சிரித்தாராம்.

அவர் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்தார். நீலக்கை சுவரோடு சுவராக நின்றாள். திட்டுவார், அடித்தாலும் பரவாயில்லை என்று காத்திருந்தாள்.

“நல்லா வெளுத்திருக்க” என்றார். கை கழுவப் போனார்.

அவ்வளவுதான். அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஆனால் மறுவாரம் நாத்தனார், “இன்னிக்கு என்னண்ணே, எந்த மீனு தப்பிச்சுது?” என்று கேட்டபோது, “ஒண்ணும் வரல” என்றார்.

“ஒண்ணும் வரலைன்னா? வந்துட்டு ஏமாத்திட்டுப் போச்சா?”

“ஒண்ணும் வரலம்மா.”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்து அண்ணியைப் பார்த்தாள். நீலக்கை துணியைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்ன மனிதர் உண்மை பேசத் தொடங்கியதைப்போல ஒரு துக்கம் அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்து வெயிலில் வெடித்தது. செயலர் மனம் கேளாமல் ஆலையில் வாசல் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். வலைக்காரர் காக்கி உடுப்பில் போய் நின்றார். லாரி வந்தால் கதவைத் திறந்தார், போனால் மூடினார். அந்த உடுப்பையும் நீலக்கைதான் துவைத்தாள். சில வருடங்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைத் தன் நீலக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே நீங்க.”

“எதுக்கு?”

“அந்த அங்கிக்கு.”

அவர் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தார். “அழுக்குத் துணியைக் கண்ணெதிர்ல வெச்சுட்டு சும்மா இருன்னு உங்கிட்ட சொன்னேன் பாரு. மீனைப் பார்த்து நீந்தாதன்னு சொன்ன மாதிரி.”

“ஒரு கதை சொல்லுங்க. பழைய மாதிரி.”

அவருடைய உதடு இரண்டு முறை திறந்து மூடியது.

“வரல. பொய் சொல்றதுக்கும் ஆத்துல மீனு இருக்கணும்” என்றார்.

அவரை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஞானஸ்நானத்தில் நீலக்கை வழக்கம்போலத் தடுப்புக்குப் பின்னால் நின்றாள். அங்கிகளை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. கொடியில் போட்டு, பழுப்பு ஏறி ஏறி நிற்கும்வரை காயவிட்டாள். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அண்ணி, கை அரிக்கலையா?” என்றாள். “அரிக்குது” என்றாள் நீலக்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காணிக்கை எடுக்கிற நேரத்தில், கூடையோடு நடுவழியில் நடந்தாள். பீடத்துக்கு முன்னால் இருந்த மேஜையில் அங்கிகளை ஒவ்வொன்றாக விரித்தாள். பாட்டு பாதியில் நின்றது. வாடை பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது.

“எங்க வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்ல” என்றாள். மைக் எதுவும் இல்லாமலே எல்லார் காதிலும் விழுந்தது. “அன்னிக்கு இதை வெளுத்தது நான். ஆறு இப்படித்தான் இருந்துச்சு. இப்ப இன்னும் மோசம். அவரைப் பார்த்துச் சிரிச்சீங்க, அது போகட்டும். ஆத்தைப் பாருங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். செயலர் குனிந்த தலை நிமிரவில்லை. காதணி தேடி வந்த அந்தப் பெண், இப்போது குழந்தைக்காரி, எழுந்து வந்து நீலக்கையின் பக்கத்தில் நின்றாள். அன்று முழுவதும் நீலக்கை நடக்கவில்லை, மிதந்தாள். வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் போய், “காட்டிட்டேங்க” என்றாள்.

கமிட்டி உடனே கூடியது. போதகரும் செயலரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். இருவர் முகத்திலும் சந்தோஷம். நீலக்கை அவசரமாக மூட்டைகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள். எப்போது எல்லாரும் ஆலைக்குப் போகிறோம் என்று கேட்க வாயெடுத்தாள்.

“அம்மா, உங்க சாட்சி வீண் போகல. கமிட்டியில ஒருத்தர்கூட மறுக்கல” என்றார் போதகர். “இனிமே நம்ம ஜனங்க அந்த ஆத்துல கால் வைக்கத் தேவையில்ல. கோயிலுக்குள்ளயே ஞானஸ்நானத் தொட்டி கட்டறோம். டைல்ஸ் போட்டு, குழாய்த் தண்ணி, படிக்கட்டு, கைப்பிடி எல்லாம்.”

“ஆலையில பேசினேன்மா” என்றார் செயலர். “சிமெண்டும் டைல்ஸும் அவங்களே தர்றாங்க. அண்ணன் பேர்ல ஒரு கல்லு பதிக்கலாம்னு எனக்கு ஆசை.”

நீலக்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆறு?”

“ஆறு...” போதகர் கைகளை விரித்தார். “அது பெரிய விஷயம்மா. நம்ம கையில இல்ல.”

“தோட்டத்தைப் பார்த்துக்கச் சொல்லித்தான் கர்த்தர் நம்மள வெச்சாருன்னு நீங்க சொன்னீங்களே ஐயா.”

போதகர் மேஜைமேல் இருந்த ஒரு சட்டைப் பொத்தானைச் சுண்டு விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். பண்ணினார்கள். நீலக்கையும் கண்ணை மூடினாள். ஆமென் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

தொட்டி அழகாகத்தான் அமைந்தது. வான நீல டைல்ஸ். முதல் ஞானஸ்நானத்தன்று தண்ணீருக்குள் நிற்பவர்களின் கால் நகம்கூடத் தெரிந்தது. பாட்டு உயர்ந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள். நீலக்கை கதவுக்குப் பின்னால் கூடையோடு நின்றாள். அங்கிகள் வந்து விழுந்தன. நாத்தனார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதுல வெளுக்க என்ன அண்ணி இருக்கு?” என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு யாரோ தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார்கள். தண்ணீர் கடகடவென்று தரைக்கடியில் ஓடும் சத்தம் கேட்டது. நீலக்கை கூடையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். சுவரோரமாகப் புதிதாகத் தோண்டி மூடிய மண் தடம் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் கூடவே நடந்தாள். தோட்டம் தாண்டி, வேலி தாண்டி, சரிவில் இறங்கி, ஆற்றின் வளைவுக்கு வந்தாள். மணல் திட்டுக்கு மேலே குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கரும்பழுப்பு நீரில் அந்தத் தண்ணீர் விழுந்த இடம் மட்டும் விலகித் தெளிந்தது. ஒரு பாய் விரித்த அளவு. அதற்குள் ஆற்றின் அடி மணல் தெரிந்தது, கூழாங்கல் தெரிந்தது. எத்தனையோ வருடங்களாக யாரும் பார்க்காத மணல். நீலக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று தேடினாள்.

குழாயில் தண்ணீர் இளைத்தது. ஓரங்களிலிருந்து பழுப்பு உள்ளே வரத் தொடங்கியது. பாய் தலையணையாயிற்று, தலையணை கைக்குட்டையாயிற்று. அவள் சட்டென்று தண்ணீரில் இறங்கி, அந்தக் கைக்குட்டையளவு தெளிவைச் சுற்றி இரண்டு கைகளையும் அணைபோல வைத்தாள். விரலிடுக்கு வழியாகப் பழுப்பு வந்தது. விரல்களை இன்னும் நெருக்கினாள். அப்படியும் வந்தது.

“அண்ணி, மேல வாங்க!” சரிவின் உச்சியிலிருந்து நாத்தனார் கத்தினாள். “அந்தத் தண்ணியில நிக்காதீங்க அண்ணி!”

நீலக்கை நிமிரவில்லை. நீலக் கைகள் பழுப்புத் தண்ணீருக்குள் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.